சர்க்கரை ஏன் வெடிக்கிறது? ஆலைத் தூசி பற்றி ஒரு விளக்கம்

2025 ஜூன் 30ஆம் தேதி காலை, தெலங்கானா மாநிலத்தின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வெடித்து, கட்டடம் இடிந்து விழுந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். முதல் சில மணி நேரச் செய்திகள் ‘ரியாக்டர் (வேதிவினை நடக்கும் கலம்) வெடித்தது’ என்றே சொல்லின. ஆனால் அங்கே தயாரானது நுண்படிக செல்லுலோஸ் என்னும் வெள்ளைத் தூள். மரக்கூழிலிருந்து எடுக்கப்பட்டு, மாத்திரை உதிராமல் இறுகி நிற்பதற்காக மருந்தோடு சேர்க்கப்படும் பொருள். அது நஞ்சும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடும் மாத்திரைகளோடு நாம் விழுங்கும் சாதாரணப் பொருள்தான். பேச்சு ரியாக்டரை விட்டு நகர்ந்து, உலர்த்தும் பகுதிக்கும் அங்கே திரண்டிருந்த தூளுக்கும் வந்தபோது பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: மாத்திரையில் கலக்கும் தூள் ஒரு கட்டடத்தையே இடித்துத் தள்ளுமா?

இது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தொலைவான கேள்வி இல்லை. கடலூர்–சிதம்பரம் சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்தில் மருந்து, சாயம், பிளாஸ்டிக் ஆலைகள் இருக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பேட்டைகளில் சிறிதும் பெரிதுமாகப் பலவகைத் தொழில்கள். ஓர் ஆலையில் பெரும் சத்தம் கேட்டால் வெளியே நிற்பவர்கள் ‘பாய்லர்’ என்பார்கள், இல்லையென்றால் ‘கேஸ்’ என்பார்கள். தூசி என்று யாரும் சொல்வதில்லை. தூசி என்றால் இருமல், ஆஸ்துமா, துடைப்பம் என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது. ஆலைக்குள் இருப்பவர்களிடமும் இதே எண்ணம் நிலவுவதுதான் சிக்கல்.

கூத்துப் பந்தமும் குங்கிலியத் தூளும்

தென்னாற்காட்டு ஊர்களில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். அசுர வேடம் நுழையும் வேளையில் எரியும் பந்தத்தின் மீது ஒரு கைப்பிடி குங்கிலியத் தூளை வீசுவார்கள். ஆளுயரத்துக்குத் தீப்பிழம்பு குபீரென்று எழும்பி, இமைப்பொழுதில் அடங்கிவிடும். அதே குங்கிலியத்தைக் கட்டியாகப் பந்தத்தின் மேல் வைத்தால் உருகும், புகையும், மெல்ல எரியும். பொருள் மாறவில்லை, அதன் வடிவம் மட்டுமே மாறியது.

காரணம் மேற்பரப்பு. எரிதல் என்பது எரிபொருளும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தில், அதாவது பொருளின் மேற்பரப்பில், நடப்பது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்கினால் பத்து லட்சம் துண்டுகள் கிடைக்கும். மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகும். இன்னும் பத்து மடங்கு நுணுக்கினால் 6,000 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சிறிய மேசையின் பரப்பு. ஒரு கட்டி மணிக்கணக்கில் எரிந்து வெளிவிடும் வெப்பத்தைத் தூள் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வெளிவிட்டுவிடுகிறது.

தூளின் நுண்மையை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எரியக்கூடிய பொருளின் துகள் சுமார் 500 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் அதைத் தூசி வெடிப்புக்கு உரியதாகக் கருத வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. நன்றாகச் சலித்த மாவு இதைவிட மிகவும் நுண்ணியது. அரத்தின் கீழே கொட்டும் பருமனான மரத்தூளைவிட, உப்புத்தாள் இயந்திரம் பலகையைத் தேய்க்கும்போது பறக்கும் மாவு போன்ற மரத்தூள் பல மடங்கு கொடியது.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பட்டாசு ஆலை விபத்து வேறு, இது வேறு. பட்டாசு மருந்தில் எரிபொருளும் அதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் உப்பும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. அது காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. மாவோ சர்க்கரையோ சாக்கில் கிடக்கும்வரை வெடிக்காது. காற்றில் கலந்தால்தான் வெடிக்கும். இரண்டாவது, எல்லாத் தூசியும் எரியாது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் பறக்கும் களிமண் தூசி, சிமெண்ட், கல்மாவு, சமையல் உப்பு ஆகியவை எவ்வளவு நுணுக்கினாலும் வெடிக்கா. அவற்றில் மேற்கொண்டு எரிய எதுவும் மிச்சமில்லை. நுரையீரலுக்கு அவற்றுள் சில செய்யும் கேடு தனிக்கதை. பீங்கான் தொழிலாளர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஐந்தும் ஒரே நேரத்தில் சேர வேண்டும்

தீ பிடிக்க மூன்று போதும். தூசி வெடிக்க ஐந்து வேண்டும்.

1. எரியக்கூடிய தூள்.
2. காற்றிலுள்ள ஆக்சிஜன்.
3. தீப்பொறி, அல்லது போதிய சூடுள்ள ஒரு பரப்பு.
4. தூள் காற்றில் மேகமாகப் பரவியிருத்தல்.
5. அந்த மேகம் அறை, தொட்டி, குழாய் போன்ற அடைப்புக்குள் இருத்தல்.

கூத்துக் களத்தில் முதல் நான்கும் இருக்கின்றன, ஐந்தாவது இல்லை. சூடேறி விரியும் காற்று திறந்தவெளியில் கலைந்துபோகிறது. அதனால் பார்வையாளர்களுக்கு அது வேடிக்கையாகிறது. அதே எரிதல் மூடிய கலத்துக்குள் நடந்தால் அழுத்தம் 7 முதல் 10 பார் வரை ஏறும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்க ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். சாதாரணச் செங்கல் சுவர் ஒரு முழு பாரைத் தாங்காது.

ஐந்தாவது இல்லை என்பதற்காக நிம்மதியடைய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் கூட்டத்தின் மீது வண்ணம் பூசிய சோளமாவைப் பீய்ச்சியடித்தபோது அது தீப்பற்றியது. திறந்தவெளி என்பதால் கட்டடம் எதுவும் சிதறவில்லை. ஆனால் தீமேகத்துக்குள் நின்றிருந்த சுமார் 500 பேர் காயமடைந்து, 15 பேர் இறந்தனர்.

எவ்வளவு தூள் இருந்தால் வெடிக்கும்?

ஒரு கன மீட்டர் காற்றில் குறைந்தபட்சம் இவ்வளவு தூள் இருந்தால்தான் தீ ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்குத் தாவும் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலான தாவரப் பொருள்களுக்கும் பிளாஸ்டிக்குகளுக்கும் இது 30 முதல் 60 கிராம் வரை. கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் நிலக்கரித் தூள் பறக்கும் இடத்தில் 25 வாட் பல்பு எரிந்தால், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது தெரியாது என்கிறார்கள். அத்தகைய இடத்தில் யாரும் மூச்சுவிட்டு வேலை செய்ய முடியாது.

ஆகவே மனிதர் நடமாடும் கூடத்தில் இயல்பான நாளில் வெடிக்கும் அளவுக்குத் தூள் மேகம் இருப்பதில்லை. அது இருக்கும் இடம் இயந்திரங்களின் வயிறு: அரைக்கும் மில், சலிப்பான், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன், துணிப்பைகளால் தூசியை வடிகட்டும் பேக் ஃபில்டர், தூளை மேலே ஏற்றும் பக்கெட் எலிவேட்டர், சேமித்து வைக்கும் உயரமான சைலோ, உலர்த்தி. முதல் வெடிப்பு அநேகமாக இவற்றுள் ஒன்றில்தான் தொடங்குகிறது. அதோடு நின்றால் ஓர் இயந்திரம் கிழியும், அருகில் இருந்த ஓரிருவர் காயப்படுவர், மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். அதோடு நிற்காமல் போவதற்குக் காரணம் இயந்திரத்துக்கு வெளியே, யாரும் அண்ணாந்து பார்க்காத இடத்தில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஐந்து மீட்டர் உயரமுள்ள கூடத்தின் தரையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூள் படிந்திருப்பதாகக் கொள்வோம். தூளின் எடை லிட்டருக்கு அரைக் கிலோ என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் அரைக் கிலோ தூள் கிடக்கிறது. அது முழுவதும் கிளம்பி ஐந்து மீட்டர் உயரத்துக்கும் சமமாகப் பரவினால் கன மீட்டருக்கு 100 கிராம். வெடிப்பதற்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு. அமெரிக்க விதி ஒன்று 0.8 மில்லிமீட்டரை எச்சரிக்கை எல்லையாக வைத்து, கூடத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கில் அந்தக் கனம் சேர்ந்தாலே ஆபத்து என்று கொள்கிறது. 0.8 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய நம் பையிலிருக்கும் ஏடிஎம் அட்டையின் கனம்.

தெருமுனை மாவு மில்லில் அண்ணாந்து பார்த்தால் இதை நேரில் காணலாம். ஓட்டுக்குக் கீழே தொங்கும் நூலாம்படைகூட வெள்ளைக் கயிறாகப் பருத்திருக்கும். மின்விளக்கின் மூடியில் விரலால் எழுதினால் எழுத்து விழும். அங்கே அளவு சிறியது, கதவு திறந்தே கிடக்கிறது. அதே வெள்ளைப் படலம் நூறு அடி நீளக் கூடத்தின் இரும்பு உத்தரங்கள், கேபிள் தட்டுகள், குழாய்களின் முதுகு, டக்டுகளின் (காற்று செல்லும் தகட்டுக் குழாய்களின்) மேல்புறம் எங்கும் படிந்திருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொல்வது இரண்டாம் வெடிப்பு

முதல் வெடிப்பின் அழுத்த அலை, அதன் தீயைவிட முன்னே ஓடுகிறது. அது உத்தரங்களை உலுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் படிந்த தூள் ஒரே உதறலில் மேகமாக இறங்குகிறது. பின்னாலேயே வரும் தீ அந்த மேகத்தைப் பற்றவைக்கிறது. இப்போது வெடிப்பது ஓர் இயந்திரம் இல்லை, கூடமே. அந்தக் கூடத்தின் அதிர்ச்சி அடுத்த கூடத்தின் தூளைக் கிளப்ப, மூன்றாவது, நான்காவது என்று தொடர்கிறது. உயிர்தப்பியவர்கள் ‘முதலில் டம் என்று ஒரு சத்தம், பிறகு இடி இடியாக’ என்று சொன்னால், அதைக் கேட்பவர் தூசியைச் சந்தேகிக்க வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானாவுக்கு அருகே போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இருந்த இம்பீரியல் சர்க்கரை ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று நடந்தது இதற்குப் பாடநூல் உதாரணம். சைலோக்களுக்கு அடியில் ஓடிய கன்வேயர் பெல்ட்டில் குப்பை விழாமல் இருக்க, முந்தைய ஆண்டில் அதைச் சுற்றி எஃகுத் தகடுகளால் மூடி போட்டார்கள். உணவுத் தூய்மைக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவரை பெரிய சுரங்கவழியில் கலைந்துபோன சர்க்கரைத் தூசி இப்போது குறுகிய பெட்டிக்குள் அடைபட்டது. அதை உறிஞ்சி வெளியேற்ற வழி செய்யப்படவில்லை. ஐந்தாவது நிபந்தனையை, அதாவது அடைப்பை, அவர்களே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சூடேறிய ஒரு பேரிங் பற்றவைத்திருக்கக்கூடும் என்பது விசாரணையின் முடிவு. முதல் வெடிப்பு அந்தப் பெட்டிக்குள். அடுத்தடுத்தவை பொட்டலம் கட்டும் கட்டடங்களின் மாடிகளில். கான்கிரீட் தளங்கள் மேலே தூக்கி எறியப்பட்டன. 14 பேர் இறந்தனர். அந்த ஆலை 1917 முதல் இயங்கி வந்தது. சர்க்கரை எரியும் என்பது அங்கே யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்திருக்க முடியாது. இத்தனை காலம் எதுவும் ஆகவில்லை என்பதே தைரியமாகிவிட்டது.

இன்னும் பாடம் சொல்வது, வட கரோலினாவின் கின்ஸ்டன் நகரில் 2003 ஜனவரி 29 அன்று நடந்த வெடிப்பு. மருத்துவப் பயன்பாட்டுக்கான ரப்பர் பொருள்கள் செய்த ஆலை அது. ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பாலிஎத்திலீன் தூள் கலந்த நீரில் முக்கி எடுத்து உலர்த்துவார்கள். உலரும்போது கிளம்பிய நுண்தூள் காற்றோட்டத்தோடு மேலேறி, தொங்கும் பொய்க்கூரைக்கு மேலே படிந்துகொண்டே இருந்தது. கீழே, கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் ஓயாமல் சுத்தம் செய்யப்பட்டது. ஆறு பேர் இறந்தனர். பளிச்சென்று வெள்ளையடித்து, பொய்க்கூரை போட்டு, காலுறை மாட்டி நடக்கும் நம் மருந்து ஆலைகள் இந்த ஒரு சம்பவத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவின் வேதியியல் விபத்து விசாரணை வாரியம் 1980 முதல் 2005 வரை அந்நாட்டில் நிகழ்ந்த தூசித் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தபோது 281 நிகழ்வுகளும் 119 மரணங்களும் கணக்கில் வந்தன. சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2 அன்று அலுமினியச் சக்கரங்களை மெருகேற்றிய ஒரே ஆலையில் ஒரே காலையில் நடந்த வெடிப்பு அதைவிட அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது; சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்தால் 146 பேர். தூசி சேகரிக்கும் கலத்தில் ஈரம்பட்ட அலுமினியத் தூள் தானே சூடாகித் தீப்பற்றியது என்றது அரசு விசாரணை.

நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே மருந்தும் கிடைத்தது ஒரு முறை. பிரான்ஸின் வடக்கே குரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று நிலக்கரித் தூசி வெடிப்பு சுரங்கவழிகளின் நெடுகிலும் ஓடி 1,099 பேரைக் கொன்றது. அதற்குப் பின் தீவிரமடைந்த ஆய்வுகளால், சுரங்கச் சுவர்களில் சுண்ணாம்புக்கல் மாவைத் தூவி வைக்கும் முறை நிலைபெற்றது. வெடிப்பின் அலை நிலக்கரித் தூசியோடு கல்மாவையும் சேர்த்தே கிளப்பும். எரியாத கல்மாவு வெப்பத்தை உறிஞ்சித் தீயை அணைக்கும். மாவு ஆலையிலோ மருந்து ஆலையிலோ இதைச் செய்ய முடியாது என்பது வேறு.

நம் பகுதியில் எந்தெந்தத் தூள்?

பழுப்பு நிலக்கரி, கருப்பு நிலக்கரியைவிட எளிதில் எரிவாயுக்களை வெளிவிடுவதால் அதன் தூள் சுலபமாகப் பற்றும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறிக் கனலும் குணமும் அதற்கு உண்டு. சர்க்கரை ஆலையில் பருமனான படிகம் ஆபத்தில்லாதது. சலிப்பிலும் எலிவேட்டரிலும் உடைந்து வரும் நுண்தூளே கவனிக்க வேண்டியது. அதே ஆலையில் சாற்றைத் தெளியவைக்கப் பயன்படும் கந்தகம், தூளாகிவிட்டால், மிகச் சிறிய பொறியிலும் பற்றக்கூடியது. அரிசி ஆலையின் உமித்தூசியும் தவிடும், தச்சுப் பட்டறையின் தூளும், ஊதுவத்திக்கு இடிக்கும் மரப்பொடியும் கரிப்பொடியும் இந்தப் பட்டியலில் வரும். பிளாஸ்டிக்கில் பாலிஎத்திலீன் தூள் எளிதில் பற்றும். பிவிசியில் குளோரின் இருப்பதால் அது ஒப்பீட்டளவில் அடங்கியது.

எனினும் மிகுந்த கவனம் தேவைப்படுவது மருந்து, சாய ஆலைகளில்தான். அங்கே தூளோடு கரைப்பான்களின் ஆவியும் இருக்கிறது. இரண்டும் கலந்த மேகம், தூள் மட்டும் இருந்தால் வெடிக்காத அளவிலும், ஆவி மட்டும் இருந்தால் வெடிக்காத அளவிலும்கூட வெடிக்கும்.

இதை ஒரு காட்சியாகப் பார்க்கலாம். ரியாக்டருக்குள் டொலுயின் என்னும் எளிதில் ஆவியாகும் கரைப்பான் இருக்கிறது. மேன்ஹோல் மூடி திறந்திருக்கிறது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் 25 கிலோ பிளாஸ்டிக் பையை விளிம்பில் சாய்த்துத் தூளைக் கொட்டுகிறார். கடைசிப் பொடியும் விழட்டும் என்று பையை நான்கு முறை உதறுகிறார். தூள் பிளாஸ்டிக்கில் உரசி வழுக்கும்போதே மின்னேற்றம் பெறுகிறது. பையும், தரையோடு தொடர்பில்லாத அவர் உடலும் அப்படியே. விழும் தூள் உள்ளிருக்கும் ஆவியை மேன்ஹோல் வழியாக மேலே, அவர் முகத்துக்கு நேராக, தள்ளுகிறது. மனித உடலிலிருந்து தாவும் நிலைமின் பொறியின் ஆற்றல் 20 மில்லிஜூல் வரை போகலாம். பல தூள்களைப் பற்றவைக்க அதுவே போதும். டொலுயின் ஆவிக்கு கால் மில்லிஜூல் போதும். நூறு முறை எதுவும் நடக்காமல் போவதால் இது வழக்கமான வேலையாகத் தோன்றுகிறது.

பொறி எங்கிருந்து வருகிறது?

நிலைமின்சாரம் பற்றி மேலே சொன்னது போக, அடிக்கடி காரணமாவன இவை.

1. வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங். தூளைக் கொட்டி வைக்கும் கூம்புத் தொட்டியான ஹாப்பரின் வெளித் தகட்டில் வெல்டிங் செய்யும்போது உள்புறம் ஒட்டியிருக்கும் தூள் கனலத் தொடங்கும். வேலை முடிந்து, ஆட்கள் போய், மறு ஷிப்டில் பெல்ட்டை ஓட்டும்போது அந்தக் கனல் உதிர்ந்து மேகத்தில் விழும். ஷட்டவுன் காலத்தில் வெளியிலிருந்து வரும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களே இந்த வேலையைச் செய்கிறார்கள். உள்ளே என்ன தூள் என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதே அரிது.

2. இயந்திரச் சூடு. கிரீஸ் வற்றிய பேரிங், ஒருபக்கம் சாய்ந்து ஓடி உரசும் பெல்ட், சிக்கிக்கொண்டு வழுக்கும் எலிவேட்டர்.

3. அரைக்கும் மில்லுக்குள் போய்விடும் போல்ட், ஆணி, கல்.

4. மோட்டார் மேலும் விளக்கு மேலும் படியும் தூள். போர்வை போர்த்தியதுபோல் அது வெப்பத்தை அடைத்து வைக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க, குறைந்த சூட்டிலேயே கனல ஆரம்பிக்கும்.

‘எர்த் போட்டாச்சு’ என்ற பதிலையும் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். பெயின்ட் மீது கவ்விய கிளிப், இடையில் ரப்பர் குழாய் வந்ததால் தனித்துப்போன ஓர் உலோகத் துண்டு, கழற்றி மாட்டியபின் இணைக்க மறந்த ஒயர் என்று கம்பி இருந்தும் தொடர்பு இல்லாத நிலை மிகச் சாதாரணம். மீட்டர் வைத்து அளந்து, உலோகப் பாகங்கள் தரையோடு 10 ஓம் மின்தடைக்குள் இணைந்திருக்கின்றன என்று பார்த்தாலன்றி நம்பக் கூடாது.

கடற்கரை ஈரம் காப்பாற்றுமா?

இப்பகுதியில் கேட்கக்கூடிய ஒரு சமாதானம்: ‘இது கடலோரம், காற்றே ஈரம், இங்கே எது பறந்து எரியப் போகிறது?’ இதில் பாதி உண்மை உண்டு. காற்றின் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் சில பொருள்களில் நிலைமின்சாரம் தங்காமல் வடிந்துவிடும். தூளுக்குள்ளேயே நிறைய ஈரம் இருந்தால் அது எளிதில் பறக்காது, பற்றாது. ஆனால் உலர்த்தியிலிருந்து வெளிவரும் தூளில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு ஈரமே இருக்கும். உலர்த்துவதன் நோக்கமே அதுதான். மாத்திரை தயாரிக்கும் அறைகளில் வெளிக்காற்றின் ஈரத்தை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறார்கள். வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும் உள்ளே பாலைவனக் காற்று.

அலுமினியம், மக்னீசியம் போன்ற உலோகத் தூள்களுக்கோ ஈரமே எதிரி. நீரோடு வினைபுரிந்து சூடாகி, ஹைட்ரஜனையும் வெளிவிடும். புயல் பருவத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்று பெயரிடப்பட்ட புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் உலர்த்தி திடீரென்று நின்றால், சூடான தூள் காற்றோட்டம் இல்லாமல் உள்ளேயே குவிந்து, தானே மேலும் சூடேறும். மின்சாரம் வந்தவுடன் விசிறியைப் போட்டால் கனலுக்குக் காற்று ஊதியதாகிவிடும். நின்ற உலர்த்தியை எப்படிக் காலிசெய்வது, எப்போது மீண்டும் இயக்குவது என்பது எழுதிவைக்கப்பட வேண்டிய விதி.

தடுப்பு: எது முதலில், எது பிறகு?

எல்லாவற்றுக்கும் முன்னால் தூளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். 20 லிட்டர் உருண்டைக் கலத்துக்குள் தூளைப் பீய்ச்சி வெடிக்கவைத்து, அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு, அழுத்தம் ஏறும் வேகம் எவ்வளவு என்று அளப்பார்கள். அந்த வேகத்தைக் குறிக்கும் கேஎஸ்டி என்ற எண் 200 வரை இருந்தால் முதல் வகுப்பு, 300 வரை இரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு. மாவும் சர்க்கரையும் பெரும்பாலும் முதல் வகுப்பில்தான் வருகின்றன. போர்ட் வென்ட்வொர்த்தில் 14 பேரைக் கொன்றது அந்த ‘வலுக்குறைந்த’ வகுப்புத் தூள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எண்ணை எடுத்துக்கொள்வதும் தவறு. நுண்மையும் ஈரமும் மாறினால் எண்ணும் மாறும்.

அடுத்தது, கசிவை நிறுத்துவதும் படிந்ததை அகற்றுவதும். சிக்கனமான வழி இதுதான். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். கம்ப்ரசர் காற்றை அடித்துத் தூசியை விரட்டுவது நம் ஆலைகளில் பரவலான பழக்கம். அது தூளை அகற்றுவதில்லை. மேகமாக்கி, இன்னும் உயரமான உத்தரத்துக்குக் குடியேற்றுகிறது. இதற்கென்றே செய்யப்பட்ட, பொறி எழாத, எர்த் செய்யப்பட்ட வாக்குவம் கருவி வேண்டும். எந்த உத்தரம், எத்தனை நாளுக்கு ஒரு முறை, யார் ஏறித் துடைப்பது என்று பெயர் போட்ட அட்டவணை வேண்டும். உத்தரங்களின் மேல்புறத்தைச் சாய்வாக மூடிவிட்டால் தூசி தங்க இடமே இருக்காது.

பொறிகளை விலக்குவது மூன்றாவது: வெல்டிங்குக்கு எழுத்து அனுமதி, மில்லுக்கு முன் காந்தம், பேரிங்குக்கு வெப்பமானி, எலிவேட்டர் வழுக்கினால் நிறுத்தும் சுவிட்ச், தூசி நுழையாத மின்கருவிகள். இது அவசியம், ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. பொறி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டோம் என்று எந்த ஆலையும் உறுதி கூற முடியாது.

ஆக்சிஜனைக் குறைப்பது மூடிய கலங்களுக்கு ஏற்றது. நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை நூற்றுக்கு 8 பங்குக்குக் கீழே வைத்தால் பெரும்பாலான தாவர, வேதித் தூள்கள் வெடிக்கா. நைட்ரஜன் நிறைந்த கலத்துக்குள் தலையை நீட்டும் மனிதர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார் என்பது இதன் மறுபக்கம். மக்னீசியம் நைட்ரஜனோடும் வினைபுரியும் என்பது இன்னொன்று.

வெடித்தே தீரும் என்று வைத்துக்கொண்டு சேதத்தைக் குறைப்பது கடைசி வரிசை. கலத்தின் பக்கவாட்டில் குறைந்த அழுத்தத்திலேயே கிழியும் தகட்டை வைத்து வெடிப்பை வெளியே போகவிடலாம். வெடிப்பு பிறக்கும் கணத்திலேயே உணர்ந்து அணைப்புப் பொடியைப் பீய்ச்சும் கருவி வைக்கலாம். ஒரு கலத்தின் தீ டக்ட் வழியாக அடுத்த கலத்துக்கு ஓடாமல் தடுக்கும் வால்வு வைக்கலாம். கிழியும் தகட்டை வைத்துவிட்டு வால்வை விட்டுவிடுவது அடிக்கடி காணும் அரைகுறை. தகடு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். கூடத்துக்கு உள்ளேயே திறந்தால் அது பாதுகாப்பாகாது. உத்தரத்துத் தூசிக்குத் தீ வைக்கும் வழியாகிவிடும். ஷெட்டுக்கு ஷெட் சுவர் ஒட்டி நிற்கும் சிறு தொழிற்பேட்டைகளில் வெளியே திறப்பதற்கும் இடம் இருப்பதில்லை. அங்கே பக்கத்து ஷெட்டின் சன்னலும் மதிய உணவுக்கு ஆட்கள் உட்காரும் மர நிழலும் அந்தத் தகட்டுக்கு நேர் எதிரே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. தூசி வெளிவராமல் இயந்திரத்தை மூடுவது, தூசி சேராமல் அகற்றுவது, தீப்பற்றவைக்கும் எல்லாவற்றையும் விலக்குவது, அழுத்தத்தைத் தாங்காத கலங்களுக்குத் தடுப்புகளும் வெளியேற்றும் வழிகளும் அமைப்பது என்று மேலே சொன்னவற்றின் சாரம் அந்த ஒரு பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. இச்சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. குறை சட்ட வாசகத்தில் இல்லை. எவ்வளவு கனம் படிந்தால் குற்றம் என்று அளந்து சொல்லும் எண் அந்தப் பிரிவில் இல்லாததால், ஆய்வுக்கு வருபவரின் கண் உத்தரத்தின் மேல் போகிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. தமிழகப் பகுதியில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், புதுச்சேரிப் பகுதியில் அதன் சொந்தத் தொழிற்சாலை ஆய்வு அலுவலகமும் பொறுப்பு. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே தூளைக் கையாளும் இரண்டு ஆலைகள் இரண்டு அரசுகளின் கீழ் இருப்பது இவ்வட்டாரத்துக்கே உரிய நிலை.

தீ தொடங்கிவிட்டால்

தூள் கனல்கிறது என்று தெரிந்ததும் முதலில் கை நீள்வது தண்ணீர்க் குழாய்க்கு. வேகமாகப் பாயும் நீர்த்தாரை, குவியலைக் கலைத்து மேகமாக்கும். அணைக்க வந்தவரே நான்காவது நிபந்தனையை நிறைவேற்றியவராவார். கனலும் தூளின் மேல் பூத்தூவல் போன்ற மென்மையான நீர்ச்சாரல் மட்டுமே விழ வேண்டும். சைலோ அல்லது பேக் ஃபில்டரின் கதவைத் திறந்து பார்ப்பதும் கூடாது. உள்ளே அடங்கியிருக்கும் கனலுக்குப் புதுக்காற்று கிடைத்துவிடும். உலோகத் தூளாக இருந்தால் தண்ணீரும் கூடாது, சாதாரணத் தீயணைப்புப் பொடியும் உதவாது. உலர்ந்த மணலை, அல்லது அதற்கென்றே உள்ள பொடியை, வீசாமல் மெல்லச் சரித்து மூட வேண்டும்.

சிப்காட்டுக்கோ சேதராப்பட்டுக்கோ விரைந்து வரும் தீயணைப்பு வண்டியில் இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பது சர்க்கரையா, சாயமா, அலுமினியமா என்பது வாசலிலேயே தெரிந்தாக வேண்டும். எந்தத் தூள், எந்தக் கட்டடத்தில், தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்ற மூன்று செய்திகளையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிய பலகை கேட்டில் இருக்க வேண்டும். இரவு ஷிப்டில் கேட்டைத் திறந்துவிடும் காவலருக்கும் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்; ஏனென்றால் நள்ளிரவில் வண்டிக்காரர்கள் முதலில் கேட்பது அவரிடம்தான்.